சொட்டாத கூலன்ட் எங்கே போகுது?

புதுக்கோட்டை டு அறந்தாங்கி தினமும் போய்வர்ற உங்க கார்ல வாராவாரம் கூலன்ட் குறையுது. தரையில மட்டும் சொட்டு ஈரம்கூட இல்லையா? சூடான இன்ஜின் மேல கசியறது கீழே விழறதுக்குள்ள ஆவியாகிடும். அதனால ஈரத்தைத் தேடாதீங்க, கறையைத் தேடுங்க!

காலையில இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹோஸ் கிளிப், ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்ப் அடியில உள்ள குட்டி ஓட்டைனு டார்ச் அடிச்சுப் பாருங்க. வெள்ளையாவோ பச்சையாவோ படிவு தெரிஞ்சா ஆள் சிக்கிட்டார்! தெரியலைன்னா, மெக்கானிக்கிட்ட பிரஷர் டெஸ்டர் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. முள் இறங்கினா கசிவு நிச்சயம். ஆயில் பால் டீ மாதிரி மாறியிருந்தா ஹெட் கேஸ்கட் மேல சந்தேகம், வண்டியை எடுக்காதீங்க.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. பிரஷர்ல இருக்கறதால 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காம உள்ளே காத்திருக்கும். சூட்டோட மூடியைத் திறந்தா முகத்துலதான் பீய்ச்சும். முதல்ல இன்ஜின் ஆறட்டும்!