எல்லைக்கு இப்பால் காப்பு எங்கே?

குடகில் பிறக்கும் காவிரி அரசலாறாய்ப் பிரிந்து வந்து காரைக்காலில் கடலொடு கலக்கின்றது. தமிழ்நாடு இது, புதுவை இது என்னும் வேறுபாட்டை அவ்வாறு அறியாது. தலத்தெருவிலிருந்து மேற்கே சில கல் தொலைவு சென்றால் எல்லை வந்துவிடும். அப்பாலும் இப்பாலும் ஒரே வண்டல், ஒரே குறுவை, ஒரே சம்பா. ஏர்பிடிப்பவனும் ஒரே தமிழன். ஆயினும் அப்பாலுள்ள கழனியைக் காக்கும் சட்டம் இப்பாலுள்ள கழனியை எட்டுவதில்லை!

2020-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது. அங்குப் புதிதாகக் கன்னெய், எரிவளிக் கிணறுகள் தோண்டலாகாது. செம்பு, துத்தநாக உருக்காலைகள் எழலாகாது. ஆனால், அச்சட்டத்தின் ஆற்றல் தமிழ்நாட்டு எல்லையோடு முடிந்துவிடுகின்றது.

அவ்வெல்லையை வகுத்தவர் யார்? ஆறா, மலையா, மொழியா? எதுவுமில்லை. 1739-இல் பிரெஞ்சியர் இங்குக் காலூன்றினர், 1954-இல் வெளியேறினர். அவர் போயினர், அவர் கிழித்த கோடு போகவில்லை. அக்கோட்டினால் இன்றும் சோற்று நிலம் இரண்டுபட்டுக் கிடக்கின்றது.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் புதுவைக்கென 700 கோடிக் கன அடி நீரை ஒதுக்கிற்று. காரைக்கால் வயல்களைக் கருதியே அப்பங்கு. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதனைக் குறைக்கவில்லை. நீரைப் பங்கிடுகையில் காவிரிப் படுகையென ஒப்பப்பட்ட மண், நிலத்தைக் காக்கையில் மட்டும் அயல்மண்ணோ?

தமிழ்நாட்டுச் சட்டமும் குறைவற்றதன்று. முன்பே இயங்கிய கிணறுகளை அது தொடவில்லை; துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை ஆகியவற்றிற்கு வழிவிட்டுள்ளது. கழனியைக் கூறுபோட்டு மனையாக்கி விற்பதே கண்ணெதிரே நிகழும் பெருங்கேடு. வாய்க்காலைத் தூர்த்து, வரப்பை அழித்து, எல்லைக்கல் நட்டுப் பலகையும் வைக்கின்றனர். (அப்பலகையிலுள்ள பெயரும் பெரும்பாலும் தமிழாயிராது!) ஒரு வாய்க்கால் தூர்ந்தால் அதன்கீழ்ப் பாயும் வயல்கள் யாவும் தரிசாகும், கடைமடையில் இது விரைந்து நிகழும். தரிசானதைக் காட்டியே, 'இது விளையா நிலம்' என்று அடுத்த மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்பர்.

'நெல்லை விலைக்கு வாங்கிக்கொள்ளலாமே' என்பாரும் உளர். 2023 சூலையில் இந்திய அரசே பாசுமதியல்லாத வெள்ளரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. அவ்வரிசியை நம்பியிருந்த நாடுகள் அன்று திகைத்தன. தட்டுப்பாடு தோன்றுங்கால் எந்நாடும் தன் களஞ்சியக் கதவையே முதலில் அடைக்கும். கையில் பணமிருந்தும் பயனென்ன?

எனவே, புதுவைச் சட்டமன்றம் காரைக்கால் கழனிகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றுதல் வேண்டும். அறிவிப்பும் தீர்மானமும் போதா. கன்னெய்க் கிணற்றோடு மனைவணிகத்தையும் அச்சட்டம் தடுத்தல் வேண்டும். வாய்க்காலைத் தூர்ப்பவன் தண்டனைக்கு உரியவனாதல் வேண்டும். தேர்தலின்போது தலத்தெருவுக்கு வாக்குக் கேட்டு வருவோரிடம் உழவர் முதலில் கேட்க வேண்டிய வினா இதுவே.