பழைய வரைகலை அட்டையை மாற்ற வேண்டுமோ?

கணிப்பொறியில் ஆட்டமாடும் இளைஞர் இருவர் புதிதாய்ச் சந்திப்பின், பெயரும் ஊரும் வினவிய பின்னர் வினவுவது "உன்னிடம் எந்தக் கார்டு?" என்பதே. கிராபிக்ஸ் கார்டு என்று கடைத்தெருவிலும் வரைகலை அட்டை என்று ஏட்டிலும் வழங்கும் அவ்வுறுப்பு, ஆட்டத்தின் காட்சிகளைக் கணந்தோறும் கணித்துத் திரையில் தீட்டுவது. ஓரிரண்டு ஆண்டுக்கொரு முறை புதுத் தலைமுறை வெளிவருகின்றது. பழையதை வைத்திருப்போன் தன்னை வறியவனாகவே எண்ணிக்கொள்கின்றான். அதனை மாற்றுதல் எப்போது தகும் என்பது பற்றி யான் கொண்ட கருத்தை நம் கல்லூரி நண்பர் முன் வைக்க விழைகின்றேன். தமிழ் பயில்வோனுக்கு இதில் என்ன வேலை என்று பௌதிக வகுப்பு நண்பர்கள் நகைப்பாராயின், நகைத்துவிட்டுப் படிப்பார்களாக.

எம் இல்லம் சாத்தாங்காட்டில் உள்ளது. என்விடியா நிறுவனத்தார் 2016 ஜூலையில் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1060 என்னும் அட்டை, 6 ஜிபி நினைவகத்தோடு, எம் வீட்டுப் பொறியில் இன்றும் உழைத்து வருகின்றது. பள்ளியிறுதி வகுப்பில் பயிலும் என் தம்பி அதனை மாற்றியே தீரவேண்டும் என்கின்றான். அம்மா கட்டி வந்த சீட்டு இவ்வாண்டு முடிகின்றது. அப்பணத்தின்மேல் ஒழுகும் தளத்திற்கும் ஓர் உரிமை உண்டு. தம்பி தன் விருப்பத்தைச் சொன்னபோது அம்மா விலையை வினவினாரல்லர். "இது எத்தனை வருஷத்துக்கு வரும்?" என்றே வினவினார். கடைக்காரர் எவரும் நேரே விடை கூறாத வினா அது.

நம் பகுதியில் இவ்வாராய்ச்சியைத் தூசியிலிருந்து தொடங்குதல் வேண்டும். இரும்பு எஃகுச் சந்தைக்கு வரும் லாரிகளும், துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளும் எழுப்பும் புழுதி ஒருபுறம். மணலித் தொழிற்சாலைகளின் புகை மற்றொருபுறம். கிழக்கே கடலின் உப்புக்காற்று. சன்னற் கம்பியைத் துருவேற்றும் அக்காற்று பொறியின் பெட்டிக்குள் புகாதிருக்குமோ? அட்டையின்மேல் உள்ள உலோக மடிப்புகளில் தூசி பஞ்சுபோல் அடைந்துவிட்டால் வெப்பம் வெளியேறாது. சில்லுக்கும் உலோகத்திற்கும் இடையே பூசிய பசையும் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்துபோகும். வெப்பம் எண்பது பாகையைக் கடந்தபின் அட்டை தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கின்றது. ஆடுவோனோ, "கார்டு பழையதாகிவிட்டது" என்று முடிவுகட்டுகின்றான். எம் அட்டையைக் கழற்றித் தூரிகையால் துடைத்துப் புதுப்பசை இட்டோம். வெப்பம் கண்கூடாகத் தணிந்தது, விசிறியின் இரைச்சலும் அடங்கியது. செலவு சில நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இதனைச் செய்து பாராமல் புதிய அட்டைக்குப் பணம் எண்ணுதல், அடைத்த குழாயைக் குத்திவிடாமல் கிணறு வெட்டுவது போலாகும்.

அடுத்து நோக்க வேண்டியது திரை. நம்மில் பெரும்பாலோர் வீட்டிலுள்ளது 1920க்கு 1080 என்னும் அளவினது. அதில் ஏறத்தாழ இருபது இலட்சத்து எழுபதினாயிரம் புள்ளிகள். 4கே எனப்படும் திரையில் அதுபோல் நான்கு மடங்கு. அட்டைக்குரிய சுமை திரையோடு வளர்வதாதலின், சிறிய திரையை வைத்துக்கொண்டு பெரிய அட்டை வாங்குவோன் தன் பணத்தில் ஒரு பகுதியை இருளில் கொட்டுகின்றான். நொடிக்கு 60 முறை மட்டுமே மாறும் திரைக்கு அட்டை 140 படங்கள் தீட்டிக் கொடுத்தாலும் கண் காண்பது அறுபதே.

இனி ஆட்டங்கள். என் தம்பியும் அவன் தோழரும் மாலைதோறும் ஆடுவன வாலரன்டும் 2015இல் கணிப்பொறிக்கு வந்த ஜிடிஏ 5உம். இரண்டும் எம் பழைய அட்டையில் தடையின்றி ஓடுகின்றன. சற்றுக் கடினமான ஆட்டங்களுக்கும் ஒரு வழியுண்டு. ஏஎம்டி நிறுவனத்தார் 2021இல் வெளியிட்ட எஃப்எஸ்ஆர் என்னும் முறை, சிறிய அளவில் தீட்டிய படத்தைப் பெரிதாக்கித் தருவது. போட்டி நிறுவனமாகிய என்விடியாவின் பழைய அட்டைகளிலும் அது இயங்குகின்றது. என்விடியாவின் சொந்த முறையாகிய டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் வரிசைக்கு மட்டுமே. தன் பழைய வாடிக்கையாளருக்கு மாற்றான் உதவும் இவ்வேடிக்கையை வணிகவியல் மாணவர் ஆராய்வாராக.

ஆயினும் தம்பியின் வாதத்தில் ஒரு பகுதி வலியது. அதனை மறைத்தல் நேர்மையன்று. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் ஆட்டமும், 2025 மே மாதத்தில் வந்த டூம் தி டார்க் ஏஜஸும், ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து கணிக்கும் உறுப்பு அட்டையிலேயே அமைந்திருத்தல் வேண்டும் என்று விதிக்கின்றன. எம் அட்டையில் அவ்வுறுப்பு இல்லை. துடைத்தாலும் பசையிட்டாலும் அது முளைக்காது. அன்றியும், அவ்வரிசைக்குப் புதிய ஆட்டங்களுக்கேற்ற இயக்கிமென்பொருள் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை என அறிவித்துள்ளது. 2016 முதல் 2025 வரை ஒன்பது ஆண்டு. அம்மாவின் வினாவிற்கு யான் கொடுக்கக்கூடிய விடை இதுவே.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைய 1060 கொள்வது 120 வாட். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 கொள்வது 115 வாட், வேலையோ ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே புதியதெல்லாம் மின்கட்டணத்தை ஏற்றும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090க்கு 575 வாட் வேண்டும்; நம் வீடுகளில் வைத்துள்ள சிறிய யுபிஎஸ் அதனைக் கண்டமாத்திரத்தில் ஓலமிடும்.

"படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு? முழுவதையும் விற்றுவிடுங்கள்" என்பார் எம் தெருவில் உளர். அவரோடு யான் உடன்படேன். லாரிகள் வரிசையாய் நிற்கும் சாலையில் பந்தாட இடமில்லை. தோழர் நால்வர் எம் வீட்டில் கூடி ஆடிச் சிரித்துவிட்டு இரவு உணவுக்குத் தத்தம் இல்லம் செல்கின்றனர். அவர்கள் எங்கே உளர் என்பதை நான்கு அன்னையர் அறிவர். வடசென்னையில் கேரம் பலகைக்கு எத்துணை மதிப்புண்டோ அத்துணை மதிப்பு இதற்கும் உரியது. கேரம் பலகைக்குத் தலைமுறை மாற்றம் இல்லை என்பது அதன் தனிச்சிறப்பு.

ஆகவே விரும்பிய ஆட்டம் ஓட மறுக்கும்போது அட்டையை மாற்றுக; பிறர் அட்டையின் எண் பெரிதாயிருத்தல் பற்றி மாற்றற்க என்பதே என் துணிபு. இவ்வாண்டுச் சீட்டுப்பணம் தளத்திற்கே செல்லட்டும் என்று அம்மாவிடம் கூறினேன். தம்பி இதனை ஏற்றிலன். டூம் ஆட்டத்தை அவன் உண்மையில் விரும்புகின்றானா, அன்றி அது ஓடவில்லை என்பதனால் விரும்புகின்றானா என்பதனை அடுத்த ஆண்டுத் தேர்வு முடிந்தபின் அவனே கூறட்டும். அப்போதும் விரும்பினால் யானும் என் கைப்பணத்தில் ஒரு பங்கு இடுவேன்.

வாங்கும் நாளில் கருத வேண்டுவன சில. பொறியின் மின்வழங்கி புதிய அட்டையைத் தாங்குமோ என முதலில் காண்க. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்றவை நான்கு தடங்களில் மட்டுமே தாய்ப்பலகையோடு பேசுவன. பழைய பலகையில் அவற்றின் வேகம் குன்றும். ரிச்சி தெருவில் பழைய அட்டை வாங்குவோர், 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றியபின், இரவு பகலாய் அதனைத் தோண்டிய அட்டைகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன என்பதை நினைவிற் கொள்க. திருகாணியில் துரு உண்டோ, விசிறி ஆடுகின்றதோ என்று பார்த்து, கடையிலேயே அரைமணி நேரம் ஓர் ஆட்டத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுக. இசையாராயின் அடுத்த கடைக்குச் செல்லுக. அத்தெருவில் கடைக்குப் பஞ்சமில்லை.