மொட்டை மாடியில் ரகு

போன ஞாயிறு எங்கள் ஃப்ளாட்ஸ் மொட்டை மாடியில் வேட்டியைக் கட்டி டாக்குமெண்டரி படம் போட்டார்கள். காடு, மலை, மன உறுதி என்று நோட்டீஸ். லிஃப்ட் ரிப்பேர். நாலு மாடி ஏறியதிலேயே என் மன உறுதி காலி. வந்த பத்தொன்பது பேரில் பாதி, போண்டாவுக்காக வந்த கோஷ்டி (அடியேன் உட்பட!).

முதலில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் பனிமலை ஏறினார். ஏறட்டும்.

அடுத்து, 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்'. முதுமலை தெப்பக்காடு யானை முகாம். தாய் யானை மின்சாரம் தாக்கிச் செத்துப்போக, அடிபட்டு வந்த குட்டி ரகு. அதைப் பிழைக்க வைத்தது பொம்மனும் பெள்ளியும். பெள்ளி, பெற்ற மகளைப் பறிகொடுத்தவர். ரகு வளர்ந்ததும் வனத்துறை அவனை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்த இடத்தில் போண்டா மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது சார்.

லைட் போட்டதும் பார்த்தால், பக்கத்தில் மூணாவது மாடி மாமா. மாமி போனதிலிருந்து ஆறு மாசமாக வாசல்படி தாண்டாதவர். எப்போது வந்து உட்கார்ந்தாரோ!

"ஏம்ப்பா, அந்த இன்னொரு குட்டி... அம்மு. அது அவங்ககிட்டயேதானே இருந்தது?"

"ஆமா மாமா."

கொஞ்ச நேரம் வெறும் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போண்டா மிச்சம் இருக்கா?"

என் தட்டில் ஒன்றுதான் இருந்தது. கொடுத்துவிட்டேன்.