வாங்கலாம், கொடுக்கக் கூடாதாம்!

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத் திருத்தம் 2020-இல் அமலுக்கு வந்தது. செப்டம்பர் 21-இல் மக்களவை, 23-இல் எதிர்க்கட்சிகள் இல்லாத மாநிலங்களவை, மாதம் முடிவதற்குள் அமல் என்று அத்தனை அவசரம்! நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கியதைக்கூட விட்டுவிடலாம். கன்னியாகுமரி அமைப்பும் தில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் பணத்தைப் பெற வேண்டும் என்கிற விந்தையையும் சகித்துக்கொள்ளலாம். 7-ஆவது பிரிவைச் சகிக்க முடியாது. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு, அதில் ஒரு ரூபாயைக்கூட இன்னொரு அமைப்புக்குத் தரக் கூடாதாம்.

இப்படிக் கைமாற்றித் தருவது இங்கே புதிதல்ல. 1979-இல் மும்பையில், விமானப் பணியாளரான ரிப்பன் கபூரும் நண்பர்களும் அவருடைய தாயாரின் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, 50 ரூபாயுடன் 'கிரை' அமைப்பைத் தொடங்கினார்கள். குழந்தைகளுக்காக ஏற்கெனவே ஊர் ஊராக உழைத்துக்கொண்டிருப்பவர்களிடம் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர்கள் எண்ணம். அதற்காக வாழ்த்து அட்டைகூட விற்றார்கள். பெரிய அமைப்பு திரட்டும், கணக்குக் கேட்கும். சிறிய அமைப்பு களத்தில் நிற்கும். மலைக்கிராமத்தில் ஒரு வாடகை அறையும் பழைய மோட்டார் சைக்கிளுமாக இரவுப் பள்ளி நடத்தும் இரண்டு பேர், ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதி நியூயார்க்குக்கு அனுப்புவார்களா? நடுவில் ஒருவர் தேவைப்படுவது அதனால்தான். வெளிநாட்டுப் பணத்தைப் பொறுத்தவரை அந்த நடு ஆளையே இப்போது சட்டவிரோதி ஆக்கியிருக்கிறார்கள்.

முறைகேட்டைத் தடுக்கிறோம் என்கிறார்கள் ஆட்சியாளர்கள். பழைய சட்டத்திலேயே, பணம் பெறும் சிறிய அமைப்பும் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன் அனுமதி வேண்டும். பதிவு கொடுத்தது யார்? இதே உள்துறை. ஆண்டுக் கணக்கு போய்ச் சேருவது யாரிடம்? அதே உள்துறையிடம். தாங்கள் கொடுத்த பதிவைத் தாங்களே நம்பவில்லை என்றால், கோளாறு தொண்டு அமைப்புகளிடம் இல்லை.

நான்கு மணி நேர அவகாசத்தில் கரோனா ஊரடங்கை அறிவித்து, தொழிலாளர்களை நெடுஞ்சாலையில் நடக்க விட்டவர்களும் இவர்கள்தாம். அப்போது 92,000-க்கும் மேற்பட்ட தொண்டு அமைப்புகளுக்குக் கடிதம் போட்டு உதவி கேட்கத் தெரிந்தது. பிரதமர் பெயரிலான பிஎம் கேர்ஸ் நிவாரண நிதிக்கு மட்டும் இந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு! கட்சிகளின் கதை இன்னும் மோசம். இரண்டு பெரிய கட்சிகளும் இச்சட்டத்தை மீறியதாக 2014-இல் தில்லி உயர்நீதிமன்றம் சொன்னது. 2018-இல் நிதி மசோதாவுக்குள் ஒரு வரியைச் செருகி, 1976 வரை பின்தேதியிட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். விவாதம்கூட இல்லை. தங்களுக்கு 42 ஆண்டு மன்னிப்பு, இரவுப் பள்ளிக்கு ஒரு மாத அவகாசம்கூட இல்லை.

அரசு இப்பிரிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். சம்பந்தப்பட்டவர்களை அழைத்துப் பேசி ஏதேனும் ஒரு வழி காண வேண்டும். முதல் தவணை கொடுத்தாகிவிட்ட திட்டங்களின் மீதித் தவணை என்ன ஆகும் என்பதற்காவது உள்துறை உடனே பதில் சொல்லட்டும்.