கூட்டம் பாடட்டும், ஒலிபெருக்கி ஓயட்டும்

பன்னாட்டுக் கால்பந்தில் தேசிய கீதத்துக்கு ஃபிஃபா ஒதுக்கும் நேரம் 90 விநாடிதான். பிரேசிலின் கீதம் அதற்குள் அடங்காது. 2013 ஜூனில் ஃபோர்ட்டலேசா மைதானத்தில் மெக்சிகோவுடன் ஆட்டம். பாதிப் பாட்டில் இசை நின்றது, கூட்டம் நிற்கவில்லை. வாத்தியத் துணையின்றி, தொண்டை கிழிய மிச்சத்தையும் பாடித் தீர்த்தது. வரிசையில் நின்ற வீரர்களும் விடாமல் பாடினார்கள். மறு ஆண்டு உலகக் கோப்பையிலும் அதுவே வழக்கமானது. அப்படிப் பாடிய அணிதான் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 7-1 என்று தோற்றது. பாட்டு கோல் போட்டுத் தராது. அதற்காக யாரும் பாடவும் இல்லை.

பன்னாட்டு ஆட்டத்துக்கு முன் கீதம் பாடும் வழக்கமே கூட்டத்தின் குரலில் பிறந்ததுதான். 1905 டிசம்பர் 16, கார்டிஃப். நியூசிலாந்து ரக்பி அணி தன் ஹாக்கா நடனத்தை ஆடி முடித்ததும், வேல்ஸ் வீரர் டெடி மோர்கன் தம் நாட்டுப் பாட்டை எடுத்துக் கொடுத்தார், மைதானமே சேர்ந்துகொண்டது. போன்டிப்ரித் ஊரைச் சேர்ந்த ஒரு தந்தையும் மகனும் 1856-ல் ஆக்கிய பாட்டு அது. அரசு அறிவித்த கீதம்கூட அல்ல. பாடச் சொல்லிச் சட்டம் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை.

கூட்டம் தானாக முடிவெடுக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு டப்ளினின் குரோக் பார்க்கைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. 1920 நவம்பர் 21 அன்று பிரிட்டிஷ் படையினர் அங்கே ஆட்டம் பார்க்க வந்தவர்கள்மீது சுட்டதில் 14 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் களத்தில் ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஹோகன். அரங்கின் ஒரு பகுதி இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. அதே மண்ணில் 2007 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்து ரக்பி அணி வந்து நின்றது. பிரிட்டனின் கீதம் ஒலித்தால் ஊளையிடுவார்களோ என்று நாடே பதைத்தது. 80,000 பேருக்கு மேல் எழுந்து நின்று கேட்டார்கள். முடிந்ததும் கை தட்டினார்கள். அடுத்து தங்கள் பாட்டு வந்தபோது அயர்லாந்தின் மலைபோன்ற முன்வரிசை வீரர் ஜான் ஹேய்ஸின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஆட்டத்தில் அயர்லாந்து 43-13 என்று வென்றது.

அந்த மரியாதையை எந்த உத்தரவாலும் வரவழைத்திருக்க முடியாது. இந்தியாவுக்கும் இது தெரியாததல்ல. திரையரங்குகளில் தேசிய கீதம் கட்டாயம் என்று 2016 நவம்பரில் ஆணையிட்ட உச்ச நீதிமன்றமே, 2018 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. கீதத்தின்போது எழுந்து நின்றும் மத நம்பிக்கை காரணமாகப் பாடாத மூன்று கேரள மாணவர்களைப் பள்ளி நீக்கியது தவறு என்று 1986-லேயே தீர்ப்பளித்ததும் அதே நீதிமன்றம்தான்.

ஆனால், நம் மைதானங்களில் வேறொரு சிக்கல். 2016 மார்ச்சில் ஈடன் கார்டன்ஸில் இந்தியா-பாகிஸ்தான் ஆட்டத்துக்கு முன் அமிதாப் பச்சன் பாடினார். கபடிப் போட்டிகளிலும் பிரபலங்களை அழைத்துப் பாட வைக்கிறார்கள். அவர்கள் பாடுவதில் குறையில்லை. மைக் பிடித்த ஒரு குரல் அரங்கை நிறைக்கும்போது, பாட வந்தவர்கள் கேட்பவர்களாகிவிடுகிறார்கள். கை செல்போனைத் தேடுகிறது.

ஒலிபெருக்கி இல்லாவிட்டால் பாட்டு சிதறிவிடும் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 200 மீட்டர் தள்ளியிருக்கும் எதிர்ப்பக்க கேலரியின் குரல் இந்தப் பக்கம் வர அரை விநாடிக்கு மேலாகும். இதற்கு வழி இருக்கிறது. முதல் அடியை மட்டும் ஒலிபெருக்கியில் எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு சத்தத்தைத் தாளத்துக்குப் போதுமான அளவு குறைத்தால் போதும். ஜன கண மன மொத்தமே 52 விநாடி. சேப்பாக்கத்தில் நடக்கும் அடுத்த சர்வதேச ஆட்டத்திலேயே தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் இதைச் செய்து பார்க்கலாம். கேலரிக்குக் கேலரி கொஞ்சம் முன்பின்னாகப் போனால் போகட்டும்.