முதியோர் இல்லத்துக் கதவுகள்

தமிழில் 'முதியோர் இல்லம்' என்ற சொல்லை உச்சரித்த மறுகணமே ஒரு வழக்குமன்றம் கூடிவிடுகிறது. கூண்டில் மகன் நிற்கிறான். சற்றுத் தள்ளி மருமகள். பட்டிமன்ற மேடையில் கைதட்டல் தளரும்போதெல்லாம் பேச்சாளருக்குக் கைகொடுப்பது இந்த வழக்குதான். வாரப் பத்திரிகைச் சிறுகதையும் தொலைக்காட்சித் தொடரும் அலுக்காமல் இதையே நடத்தி வருகின்றன. கதை பெரும்பாலும் இல்லத்தின் வாசலோடு முடிந்துவிடும். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மகன் காரில் ஏறுவான், அம்மா கையசைப்பாள், முற்றும்.

என் பிணக்கு அந்த 'முற்றும்' என்ற சொல்லோடுதான். அந்த அம்மாள் அதன்பின் ஐந்தாண்டோ பத்தாண்டோ அந்தக் கட்டடத்துக்குள் வாழப்போகிறாள். அங்கே இரவில் எத்தனை பணியாளர்கள் விழித்திருக்கிறார்கள்? மாத்திரைகளை எடுத்துக் கொடுப்பவருக்கு அட்டையில் உள்ள பெயரை வாசிக்கத் தெரியுமா? படுத்த படுக்கையாகிவிட்டால், புண் வராமல் அவ்வப்போது புரட்டிப் படுக்கவைக்க ஆள் உண்டா? நம் புனைகதைக்கு இவை அற்ப விவரங்கள். மகன் அயோக்கியன் என்று நிறுவியாயிற்று. மேற்கொண்டு எழுத என்ன இருக்கிறது?

இது கதைகளின் பலவீனம் மட்டுமே என்றால் விமர்சகர்களிடம் விட்டுவிடலாம். ஆனால் இதே மனப்பாங்கோடுதான் நாட்டின் சட்டமும் எழுதப்பட்டிருக்கிறது. 2007இல் நாடாளுமன்றம் இயற்றிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை பெறுவது எப்படி, தீர்ப்பாயம் எவ்வாறு விசாரிக்க வேண்டும், மாதத் தொகைக்கு 10,000 ரூபாய் உச்சவரம்பு என்று 4 முதல் 18 வரை பதினைந்து பிரிவுகள். கவனித்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கியவர் கைவிரித்தால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க ஒரு பிரிவு. பெற்றோரைக் கைவிடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை. முதியோர் இல்லங்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அதில் இருப்பது ஒரே ஒரு பிரிவு, 19ஆவது. மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும்படி, மாநில அரசு அமைக்கலாம். அவற்றின் நிர்வாகத்துக்கும் தரத்துக்கும் ஒரு திட்டம் வகுக்கலாம். மகனுக்கு 'வேண்டும்', அரசுக்கு 'லாம்'. இலக்கணம் படித்தவர்கள் இந்த விகுதியின் அரசியலைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம்.

சட்டத்தையொட்டி மாநிலங்கள் வகுத்த விதிகள் சிலவற்றின் இணைப்பில் அறையின் பரப்பு முதலான அளவுகோல்கள் இருப்பது உண்மை. அவை ஏழைகளுக்காக அமையும் இல்லங்களை மனத்தில் கொண்டவை. அதற்கும் முந்தைய 1960ஆம் ஆண்டுச் சட்டம், அநாதை இல்லங்களையும் பிற அற இல்லங்களையும் மேற்பார்வையிட வந்தது, 'இல்லம்' என்பதற்குப் பெண்களையோ குழந்தைகளையோ பேணும் நிறுவனம் என்றே பொருள் சொன்னது. கிழவர் அதன் கண்ணில் படவேயில்லை. தனியார் இல்லங்கள் எல்லாவற்றுக்கும் பதிவும் குறைந்தபட்சத் தரமும் வேண்டும் என்று 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. அது நிறைவேறாமலே அந்த மக்களவை 2024இல் கலைந்தது. அதற்காக எந்தப் பட்டிமன்றமும் கூடியதாக நினைவில்லை.

தரம், விதி என்று பேசுவது ஈரமற்ற அதிகாரிப் பேச்சு என்று முகம் சுளிப்பவர்களுக்காக இரண்டு இரவுகளைச் சொல்கிறேன். இரண்டும் நம்மைவிடப் பணமும் விதியும் மிகுந்த நாடுகளில் நிகழ்ந்தவை.

ஸ்காட்லாந்தில், அடிங்ஸ்டன் என்ற ஊரிலிருந்த ரோஸ்பார்க் இல்லத்தில் 2004 ஜனவரி 31 அதிகாலை தீப்பிடித்தது. நடைவழியை ஒட்டிய ஒரு சிற்றறையில் மின் பகிர்வுப் பெட்டி இருந்தது. அதே அறையில் ஏரோசால் குப்பிகளையும் வைத்திருந்தார்கள். மின்கோளாறில் பற்றிய தீ அவற்றைத் தொட்டது. படுக்கையறைக் கதவுகள் பல திறந்தே கிடந்ததால் புகை உறங்கியவர்களிடம் நேராகச் சென்றது. எச்சரிக்கை மணி ஒழுங்காக அடிக்கத்தான் செய்தது. ஆனால் எந்தப் பகுதியில் தீ என்பதைப் பலகையைப் பார்த்துப் புரிந்துகொள்ள இரவுப் பணியாளர்களால் இயலவில்லை, வேறிடத்தில் தேடினார்கள். தீயணைப்புப் படையை அழைப்பதற்குள் ஒன்பது நிமிடங்கள் போய்விட்டன. பதினான்கு முதியவர்கள் இறந்தார்கள். விசாரணை அறிக்கை 2011இல் வந்தது. முறையான தீப்பாதுகாப்புத் திட்டம் இருந்திருந்தால் சில மரணங்களையேனும் தவிர்த்திருக்கலாம் என்பது அதன் முடிவு. அந்த இல்லத்தில் யாரும் முதியவர்களை வெறுக்கவில்லை. கதவு தானாக மூடிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இதன் பின்கதை இன்னும் கசப்பானது. இல்லத்தை நடத்தியது ஒரு குடும்பத்தின் கூட்டு நிறுவனம். தீவிபத்துக்குப் பின் அந்தக் கூட்டு கலைக்கப்பட்டது. கலைந்துபோன ஒன்றின்மீது வழக்குத் தொடர முடியாது என்று மூன்று முயற்சிகளும் தோற்றன. அந்த ஓட்டையை அடைக்கவே 2013இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. நிர்வாகத் தரம் என்று நான் சொல்வதில் இதுவும் அடக்கம்: ஒரு மரணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது முன்னரே எழுத்தில் இருக்க வேண்டும்.

மற்றது கனடாவில், க்யூபெக் மாகாணத்தின் லில்-வெர்த் என்ற சிற்றூரில், 2014 ஜனவரி 23 அன்று நள்ளிரவுக்குப் பின். மரக் கட்டடம், கடும் பனிக்குளிர், இரவுப் பணியில் ஒரே ஆள். முப்பத்திரண்டு பேர் மாண்டார்கள். அக்கட்டடத்தின் புதிய பகுதியில் தீ கண்டதும் கூரையிலிருந்து நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் அமைப்பு இருந்தது. பழைய பகுதியில் இல்லை. இடையே ஒரு தீத்தடுப்புச் சுவர். அந்தச் சுவரின் எந்தப் பக்கம் உறங்கினார்கள் என்பது உயிரையே தீர்மானித்தது.

நம்மிடம் விதிகள் பிணங்களுக்குப் பிறகே பிறக்கின்றன. 2001இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் எரிந்த பிறகுதான் மனநலக் காப்பகங்களைத் திரும்பிப் பார்த்தோம். 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக்கூரை கண்ணில் உறுத்தியது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதியோர் இல்லங்களை நிறுவனக் கட்டடங்களின் வகையில், மருத்துவமனைகளுக்கு அடுத்தபடியாக வைத்திருக்கிறது. நடப்பில் பல இல்லங்கள் வாடகைக்கு எடுத்த குடியிருப்பு வீடுகள். நான் சென்று பார்த்த ஒன்றில், பெயர் வேண்டாம், மாடியில் பதினோரு கட்டில்கள். இறங்க ஒரே குறுகலான படிக்கட்டு. அதன் அடியில் கிரில் கதவு. மறதி நோயுள்ளவர்கள் வெளியே போய்விடுவார்கள் என்பதற்காக இரவில் பூட்டுவார்களாம். நியாயமான அச்சம். சாவி காவலாளியின் இடுப்பில்.

கோயம்புத்தூரைச் சுற்றிலும் எழும் விலையுயர்ந்த ஓய்வுக் குடியிருப்புகளின் நிலை வேறு. அங்கே லிஃப்ட்டும் நடைப்பயிற்சிப் பாதையும் உண்டு. அவற்றுக்கென மத்திய அரசு 2019இல் வெளியிட்டவையும் வழிகாட்டு நெறிகளே. மறுபடியும் 'லாம்'.

இலவசமாகச் சேவை செய்கிறவரிடம் போய்ச் சட்டம் பேசலாமா என்று ஒரு கேள்வி உடனே எழும். அன்னதானம் என்பதற்காக ஊசிப்போன சோற்றைப் போடலாமா என்று நான் திருப்பிக் கேட்பேன். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. விதி வந்தால் ஆய்வாளர் வருவார். ஆய்வாளர் வந்தால் உறை வரும். உறை கொடுக்க முடியாத சிறிய நல்ல இல்லம் மூடப்படும், கொடுக்க முடிந்த மோசமான இல்லம் தழைக்கும். இதை அலட்சியப்படுத்த முடியாது. இங்கிலாந்தில் ஆய்வு மதிப்பீட்டை இல்லத்தில் பார்வையில் படும்படி மாட்டிவைப்பது 2015 முதல் கட்டாயம். ஆய்வாளரின் குறிப்பு கோப்புக்குள் போகாமல் வாசலில் தொங்கினால் உறையின் மதிப்பு ஓரளவு குறையும். கதவுக்கும் மின்கம்பிக்கும் ஆகும் செலவைச் சிறிய இல்லங்களுக்கு அரசே தரட்டும். இரவுப் பணியாளரின் சம்பளம்தான் உண்மையான செலவு. அதைத் தவிர்க்கும் இல்லம் எத்தனை கருணை மிக்கதாயினும் படுத்த படுக்கையானவர்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

பிறந்தநாளுக்கு முதியோர் இல்லத்தில் மதிய உணவு வழங்குவது நம் ஊர்களில் ஒரு வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம். அடுத்த முறை போகிறவர்கள், இலை போடுவதற்கு முன் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் நேரத்தில், இரவு பத்து மணிக்குமேல் இங்கே எத்தனை பேர் விழித்திருப்பார்கள், சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தயங்கி வந்தால், அடுத்த ஆண்டு பாயசத்துக்கான பணத்தில் புகையை உணர்ந்து ஒலிக்கும் கருவிகளை வாங்கிக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போய், அவற்றை மாட்டியிருக்கிறார்களா என்று மேலே நிமிர்ந்து பாருங்கள்.