கேஏ நம்பர் கார் மலிவுதான்... என்ஓசி கணக்கையும் சேர்த்துப் பார்த்தீர்களா?

ஓசூர் வட்டாரத்தில் முதல் கார் தேடுகிறவர்களின் கண் முதலில் போவது அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்தான். பெங்களூரு சுமார் நாற்பதே கிலோமீட்டர். அங்கே பழைய கார்களும் அதிகம், தேர்ந்தெடுக்க வாய்ப்பும் அதிகம். தொரப்பள்ளியிலிருந்து சிப்காட்டுக்கு ஷிப்ட் போகிற ஒருவருக்கு, 'டிஎன் 70' வண்டியைவிட 'கேஏ 51' வண்டி ஐம்பதாயிரம் குறைவாகக் கிடைத்தால் ஆசை வரத்தானே செய்யும்?

ஆனால் அந்த ஐம்பதாயிரம் முழுசா மிச்சம் இல்லை. வெளிமாநில வண்டியைத் தமிழ்நாட்டில் பதிவு செய்ய இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். வண்டியின் விலை, வயதைப் பொறுத்து அது மாறும். வயது கூடக் கூட வரி குறையும். கர்நாடகத்தில் ஏற்கெனவே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்க அந்த மாநிலச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு யார் அலைவது, பணம் யாருக்கு என்பதை விலை பேசும்போதே முடித்துக்கொள்வது நல்லது. பிறகு கேட்டால் விற்றவர் போன் எடுக்க மாட்டார்.

'ஒரு வருஷம் சும்மா ஓட்டலாமே!'

எல்லையோரத்தில் அடிக்கடி கேட்கிற வாதம் இது. பாதிதான் சரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 47-வது பிரிவு சொல்லும் 12 மாதம், வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகும் உரிமையாளருக்கானது. பெங்களூருவிலிருந்து ஓசூருக்கு வேலை மாறி, சொந்த வண்டியோடு வருகிறவருக்கு அது பொருந்தும். கையில் காசு கொடுத்து வண்டி வாங்கியவருக்குப் பொருந்துவது 50-வது பிரிவு. வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பகுதி ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலப் பதிவு வண்டி என்றால், விற்றவருக்கு 45 நாள் அவகாசம்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தில் 2018 பிப்ரவரியில் தீர்ந்த ஒரு வழக்கே போதும். 2007-ல் ஒருவர் காரை விற்றார். அது அடுத்தடுத்து கை மாறியது. ஆர்சி மட்டும் யார் பெயருக்கும் மாறவில்லை. 2009-ல் அந்தக் கார் பின்னால் வந்தபோது மோதி ஒரு சிறுவன் இறந்தான். இன்சூரன்ஸும் இல்லை. 'எப்பவோ வித்துட்டேன்' என்ற வாதம் எடுபடவில்லை. ஆர்சியில் பெயர் இருப்பவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பே என்றது நீதிமன்றம். பெயர் மாற்றம் வாங்குகிறவரின் தலைவலி மட்டும் அல்ல.

ஆகவே முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் என்ஓசி கைக்கு வர வேண்டும். அதற்குப் படிவம் 28. வண்டி மேல் கடன் இருந்தால் முதலில் வங்கியின் சான்றும் படிவம் 35-ம். பாக்கி அபராதமும் தடையாகலாம். 2023 பிப்ரவரியில் பாதி கட்டினால் போதும் என்று கர்நாடகம் சலுகை கொடுத்தபோது கோடிக்கணக்கில் வசூலானது. பெங்களூரு வண்டிகள் மேல் எவ்வளவு பாக்கி கிடந்தது என்று பாருங்கள். நம்பரைப் பரிவாகன் தளத்தில் போட்டால் அபராதம், கடன், எத்தனையாவது உரிமையாளர் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இன்சூரன்ஸையும் உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நோ கிளைம் போனஸ் விற்றவரோடு போய்விடும், அந்தத் தள்ளுபடியை நம்பி பட்ஜெட் போட வேண்டாம்.

தண்ணீரில் நின்ற வண்டியா?

2022 செப்டம்பர் மழையில் பெங்களூரு வெளிவட்டச் சாலைப் பகுதியில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை வீடியோக்களில் எல்லோரும் பார்த்தோம். அவை எல்லாமே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்று நம்ப முடியாது. சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு தெரிகிறதா என்று. சீட்டுக்குக் கீழே இருக்கும் தண்டவாளத்தில் துரு, தரை விரிப்புக்கு அடியில் ஈர வாடை, புது வாசனை திரவியத்தின் நெடி, இவை மூன்றும் சேர்ந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் நடையைக் கட்டலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரான வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும். '2219' என்றால் 2019-ன் 22-வது வாரம். ஓடிய கிலோமீட்டர் குறைவு என்று சொல்லப்படும் வண்டியில் நான்கு டயரும் புதுசு என்றால் ஒரு கேள்வி கேட்கலாம்.

ரிப்பேர் விஷயத்தில் ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வசதி. அசோக் லேலண்ட், டிவிஎஸ் ஆலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் இது, மெக்கானிக்குப் பஞ்சமில்லை. ஒரே ஆலையில் தயாராகும் பிரேக் பேடுக்கு கார் கம்பெனி பெட்டியில் ஒரு விலை, தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் குறைந்த விலை. வெளி கராஜ்களுக்கு உதிரி பாகம் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. கதவு, கண்ணாடி, விளக்கு போன்றவற்றைப் பழைய பாகக் கடையில் வாங்கினால் தப்பில்லை. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் மட்டும் புதுசாகத்தான் இருக்க வேண்டும்.

அரசுகள் பக்கமும் ஒரு வேலை பாக்கி. நாடு முழுக்க ஒரே வாகன் தரவுத்தளம் இருக்கும்போது, எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கிய காருக்கு ஒருவர் இரண்டு மாநில ஆர்டிஓ-க்களுக்கும் லீவு போட்டு ஏன் அலைய வேண்டும்? அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பலர் பெயர் மாற்றாமலே ஓட்டுகிறார்கள்.